எந்தப் பக்கம் விழும்?

ஆங்கிலத்தில் 'ஃபெயில்-சேஃப்' என்று ஒரு பெயரடை உண்டு. இரண்டு சின்னச் சொற்களை நடுவில் ஒரு கோடு போட்டு ஒட்டியிருக்கிறார்கள், அவ்வளவுதான். இன்று அது பொறியாளர்களின் சொல் மட்டும் இல்லை. முதலீட்டு விளம்பரத்தில் வருகிறது, எடை குறைக்கும் குறிப்பில் வருகிறது, கேக் செய்முறையில்கூட வருகிறது. எங்கே வந்தாலும் பெரும்பாலும் ஒரே பொருள்தான்: 'இது தப்பாது, நம்பி இறங்கலாம்.' வேலையிடத்திலும் இதே கதைதான். ஒரு இயந்திரத்தைக் காட்டிச் சந்தேகம் கேட்டால், "அது ஃபெயில்-சேஃப் தம்பி, ஒண்ணும் ஆகாது" என்பார்கள்.

ஆனால் அந்தச் சொல்லை உண்டாக்கியவர்கள் சொல்ல வந்தது இதற்குக் கிட்டத்தட்ட நேரெதிர். 'இது ஒருநாள் பழுதாகத்தான் போகிறது. அந்த நாளில் யாரும் சாகக்கூடாது' என்பதுதான் அதன் உள்ளர்த்தம். அதாவது, ஒன்றும் ஆகாது என்ற உறுதிமொழி அதில் கிடையாது. கண்டிப்பாக ஏதாவது ஆகும் என்ற ஒப்புதல்தான் இருக்கிறது.

குழப்பம் எங்கே தொடங்குகிறது என்று பார்த்தால், இலக்கணத்தில்தான். 'வாட்டர்-ப்ரூஃப்' கடிகாரத்தில் தண்ணீர் புகாது. லங்காவியில் விற்கும் 'டியூட்டி-ஃப்ரீ' சாக்லேட்டுக்கு வரி கிடையாது. 'சுகர்-ஃப்ரீ' பானத்தில் சீனி இல்லை. இந்த மாதிரிக் கூட்டுச் சொற்களில் முதல் சொல் எதிரி; இரண்டாவது சொல் அந்த எதிரி உள்ளே வராது என்று சொல்கிறது. காது இதற்குப் பழகிவிட்டது. அதே காதோடு 'ஃபெயில்-சேஃப்' என்பதைக் கேட்டால், 'ஃபெயில்' உள்ளே வராது என்றுதான் புரியும். ஆனால் இங்கே 'ஃபெயில்' எதிரி இல்லை, அது வினைச்சொல். பழுதாகு, ஆனால் ஆபத்தில்லாத பக்கமாகப் பழுதாகு என்று இயந்திரத்துக்கு இடும் கட்டளை அது.

தமிழில் இதைச் சொல்ல முயன்றால் சிக்கல் உடனே வெளியே வந்துவிடும். 'பழுதிலிருந்து பாதுகாப்பு' என்பது வேறு, 'பழுதானால் பாதுகாப்பு' என்பது வேறு. நம் மொழியில் உருபோ எச்சமோ போடாமல் தப்பிக்க முடியாது. போட்டவுடன் எந்த அர்த்தம் என்று தெரிந்துவிடும். ஆங்கிலம் அந்த இணைப்பை விழுங்கிவிட்டு ஒரு சிறு கோட்டை மட்டும் வைத்தது. அந்தக் கோட்டுக்குள்தான் இவ்வளவு குழப்பமும்.

வீட்டிலேயே உதாரணம் இருக்கிறது. பிரஷர் குக்கர் மூடியில் விசில் வரும் குழாய் ஒன்று, அதன் பக்கத்தில் சிறிய உலோகக் குமிழ் ஒன்று. பருப்பு பொங்கி விசில் குழாயை அடைத்துக்கொண்டால் ஆவி வெளியேற வழியில்லை. சூடு ஏறிக்கொண்டே போகும். ஓர் அளவைத் தாண்டியதும் அந்தக் குமிழில் உள்ள உலோகம் உருகி ஆவியை வெளியே விடும். பருப்பு கூரைவரை தெறிக்கும், சமையல் வீணாகும், அம்மா திட்டுவார். ஆனால் குக்கர் வெடிக்காது. குழாய் அடைத்துக்கொள்ளும் என்பதை முன்கூட்டியே ஒப்புக்கொண்டு செய்த மூடி அது. அதுதான் ஃபெயில்-சேஃப்.

சொல்லுக்கு முன்னால் வந்த பொருள்

சொல் பிறந்தது 1940களில், விமானக் கட்டமைப்பைப் பற்றிய பேச்சில். ஆனால் அந்த யோசனை அதற்கு நூறு ஆண்டுக்குச் சற்றுக் குறைவான வயது மூத்தது. 1854இல் நியூயார்க் கிரிஸ்டல் பேலஸ் கண்காட்சியில் எலிஷா ஓடிஸ் என்பவர் உயரத் தூக்கப்பட்ட ஒரு மேடையில் நின்றுகொண்டு, அதைத் தாங்கிய கயிற்றை வெட்டச் சொன்னார். மேடை சிறிது இறங்கி நின்றுவிட்டது. கயிற்றின் இழுவைதான் ஒரு வில்லை வளைத்து வைத்திருந்தது. கயிறு அறுந்ததும் வில் விரிந்து, இரு பக்கத் தண்டவாளப் பற்களில் மாட்டிக்கொண்டது. இன்று நாம் பயப்படாமல் மின்தூக்கியில் ஏறுவது, கயிறு அறாது என்பதால் அல்ல. அறுந்தால் என்ன ஆகும் என்று ஒருவர் முன்பே யோசித்து வைத்ததால்.

இந்த யோசனைக்கு மிக அதிக விலை கொடுத்தது ரயில்வேதான்.

1876 ஜனவரி 21ஆம் தேதி, இங்கிலாந்தில் அபட்ஸ் ரிப்டன் என்ற இடத்தில் கடும் பனிப்புயல். அக்காலச் சைகைக் கம்பத்தில் கை ஒன்று இருக்கும். கை நீட்டியிருந்தால் நில், கம்பத்தின் பிளவுக்குள் இறங்கியிருந்தால் போகலாம். வழக்கமாக அதைப் 'போகலாம்' நிலையிலேயே விட்டு வைப்பார்கள். தேவைப்படும்போது மட்டும் 'நில்'. அன்று பிளவுக்குள் பனி இறுகிவிட்டது. சைகையாளர் நெம்புகோலை இழுத்து 'நில்' என்றார். கை அசையவில்லை. விரைவு ரயில் ஒன்று நிலக்கரி ரயிலில் மோதியது. எதிர்த்திசையில் வந்த இன்னொரு விரைவு ரயில் அந்தச் சிதைவில் மோதியது. 13 பேர் இறந்தார்கள்.

சைகை பழுதானது என்பது மட்டும் இங்கே பிரச்சனை இல்லை. பழுதாகி, 'போகலாம்' என்று சொன்னது என்பதுதான் பிரச்சனை. இதன் பிறகு வழக்கம் தலைகீழானது. சைகையின் இயல்பு நிலை 'நில்'. யாராவது உறுதி செய்து அனுமதித்தால் மட்டுமே 'போகலாம்'.

இதே தர்க்கத்தை 1872இலேயே அமெரிக்காவில் வில்லியம் ராபின்சன் மின்சாரத்தில் செய்து வைத்திருந்தார். தண்டவாளம் வழியாகச் சிறிய மின்னோட்டம் ஓடும், அது ஒரு ரிலேயை மேலே இழுத்துப் பிடித்திருக்கும், பிடித்திருக்கும்வரை பச்சை. ரயில் வந்தால் சக்கரங்கள் மின்னோட்டத்தைக் குறுக்கே வெட்டிவிடும், ரிலே தன் எடையாலேயே கீழே விழும், சிவப்பு. இதில் அழகு எங்கே என்றால், கம்பி அறுந்தாலும் ரிலே விழும். பேட்டரி தீர்ந்தாலும் விழும். தண்டவாளம் உடைந்தாலும் பெரும்பாலும் விழும். எல்லாப் பழுதும் ஒரே பக்கம், சிவப்பின் பக்கம் போய்ச் சேரும்படி அமைத்துவிட்டார். பச்சைக்கு மட்டும்தான் ஆதாரம் தேவை. சந்தேகம் என்றால் சிவப்பு.

பிரேக்கிலும் அதே ஆண்டு அதே யோசனை. ஜார்ஜ் வெஸ்டிங்ஹவுஸ் 1869இல் செய்த முதல் காற்று பிரேக்கில், காற்றை அனுப்பினால் பிரேக் பிடிக்கும். குழாய் அறுந்தால் காற்றும் இல்லை, பிரேக்கும் இல்லை. 1872இல் அதைத் திருப்பிப் போட்டார். குழாயில் காற்றழுத்தம் இருக்கும்வரை பிரேக் விலகியிருக்கும். அழுத்தம் போனால் ஒவ்வொரு பெட்டியும் தன்னிடம் சேமித்து வைத்திருக்கும் காற்றைக் கொண்டு தானே பிரேக் போட்டுக்கொள்ளும். பெட்டிகள் பிரிந்தால் இரு பாதிகளும் நிற்கும்.

இவ்வளவும் கைக்கு வந்து 17 ஆண்டு கழித்துத்தான் அர்மா விபத்து நடந்தது.

1889 ஜூன் 12. அயர்லாந்தின் அர்மா நகரிலிருந்து ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளையும் குடும்பங்களையும் ஏற்றிக்கொண்டு 15 பெட்டிகளோடு ஒரு சுற்றுலா ரயில் கடற்கரைக்குக் கிளம்பியது. மேட்டில் ஏற முடியாமல் இயந்திரம் நின்றுவிட்டது. ரயிலை இரண்டாகப் பிரித்து, முன் பாதியை முதலில் கொண்டுபோய் விட்டு வரலாம் என்று முடிவெடுத்தார்கள். அந்த ரயிலில் இருந்தது சாதாரண வெற்றிட பிரேக். வெற்றிடம் உண்டானால்தான் பிடிக்கும், குழாயைக் கழற்றினால் பிடிக்காது. ஆக, கழற்றிவிட்ட 10 பெட்டிகளையும் சரிவில் பிடித்து நிறுத்தியது கடைசிப் பெட்டியின் கைப்பிரேக்கும் சக்கரத்துக்கு அடியில் வைத்த கற்களும்தான். முன் பாதி கிளம்பும்போது கொஞ்சம் பின்னால் நகர்ந்து இடித்தது. கற்கள் நொறுங்கின. பத்துப் பெட்டிகளும் சரிவில் பின்னோக்கி ஓடி, பின்னால் வந்துகொண்டிருந்த வழக்கமான ரயிலில் மோதின. 80 பேர் இறந்தார்கள். அவர்களில் பலர் பிள்ளைகள்.

தானியங்கி பிரேக் வேண்டும் என்று அதிகாரிகள் ஆண்டுக்கணக்காகச் சொல்லிக்கொண்டுதான் இருந்தார்கள். செலவு என்று கம்பெனிகள் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தன. அர்மாவுக்குப் பிறகு மூன்று மாதத்துக்குள் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் சட்டம் போட்டது: பயணிகள் ரயிலில் தானாகப் பிடிக்கும் பிரேக் கட்டாயம். 17 ஆண்டு முடியாதது மூன்று மாதத்தில் முடிந்தது. அறிவு இல்லாததால் அந்தப் பிள்ளைகள் சாகவில்லை.

சிங்கப்பூரிலிருந்து கிளம்பிய விமானங்கள்

1952 மே 2ஆம் தேதி உலகின் முதல் ஜெட் பயணிகள் விமானமான காமெட் சேவைக்கு வந்தது. சரியாக ஓராண்டு கழித்து, 1953 மே 2ஆம் தேதி, சிங்கப்பூரிலிருந்து லண்டனுக்குப் போய்க்கொண்டிருந்த காமெட் ஒன்று கல்கத்தாவிலிருந்து மேலெழும்பியதும் புயலில் சிதறியது. 43 பேர் இறந்தனர். 1954 ஜனவரி 10ஆம் தேதி இன்னொன்று. இதுவும் சிங்கப்பூரிலிருந்து கிளம்பியதுதான். ரோமில் இறங்கி ஏறியபின் எல்பா தீவருகே வானிலேயே உடைந்தது, 35 பேர். அதே ஆண்டு ஏப்ரல் 8ஆம் தேதி மூன்றாவது, நேப்பிள்ஸ் அருகே, 21 பேர்.

முதல் விபத்துக்குப் புயலைக் காரணம் காட்ட முடிந்தது. மற்ற இரண்டுக்கும் அப்படி ஒன்றும் கிடைக்கவில்லை. இங்கிலாந்தின் ஃபார்ன்பரோ ஆய்வகத்தில் ஒரு காமெட்டின் உடலைப் பெரிய தண்ணீர்த் தொட்டிக்குள் வைத்தார்கள். உள்ளே தண்ணீரை ஏற்றி இறக்கி, பறக்கும்போது விமான உடல் அழுத்தத்தில் விரிந்து சுருங்குவதைத் திரும்பத் திரும்பச் செய்தார்கள். காற்றுக்குப் பதில் தண்ணீர் ஏன் என்றால், உடல் பிளக்கும்போது குண்டுபோல வெடிக்காது. எங்கே பிளந்தது என்று பார்க்கலாம். ஏற்கெனவே பறந்ததையும் சேர்த்து 3,057 சுழற்சியில் பிளந்தது. ஒரு திறப்பின் மூலையில் உலோகம் களைத்து விரிசல் விட்டிருந்தது. எல்பா விமானத்தின் கூரையிலிருந்த சிறு திறப்பின் மூலையிலும் அதே களைப்புதான்.

உலோகமும் களைக்கும் என்பது அப்போதே தெரிந்த விஷயம். தயாரிப்பாளர்களும் சோதிக்காமல் விடவில்லை. அவர்களுடைய சோதனைக் கூடு 16,000 சுழற்சிக்கு மேல் தாங்கியது. ஆனால் அதே கூட்டுக்கு முன்னதாகவே மிக அதிக அழுத்தம் கொடுத்துப் பார்த்திருந்தார்கள்; அதில் மூலைகளின் உலோகம் சற்று நெகிழ்ந்து, பிறகு வந்த சோதனையில் உண்மையைவிட வலுவானதாகக் காட்டிவிட்டது.

இதுவரை விமானங்களை 'இத்தனை மணி நேரம் உடையாது, அதற்குள் பாகத்தை மாற்றிவிடு' என்ற கணக்கில் செய்தார்கள். அதற்கு ஆங்கிலத்தில் 'சேஃப்-லைஃப்' என்று பெயர். காமெட் காட்டியது என்னவென்றால், அந்தக் கணக்கு தப்பாகப் போனால் அடுத்து ஒன்றுமே இல்லை. ஒரு விரிசல் தொடங்கினால் நிறுத்த ஆளில்லாமல் விமானத்தின் தோல் முழுக்க ஓடும். இதற்கு மாற்றாக நிலைபெற்றதுதான் ஃபெயில்-சேஃப் கட்டமைப்பு. விரிசல் வரும் என்று வைத்துக்கொள். அது ஓடும் வழியில் குறுக்கே பட்டைகளைப் போடு. ஒரு தாங்கு உடைந்தால் பக்கத்திலுள்ளது சுமையை ஏற்றுக்கொள்ளட்டும். 1956இல் அமெரிக்க விதிமுறைகளில் இந்த வழி இடம்பெற்றது. யானைக்கும் அடி சறுக்கும் என்று நாம் சொல்வதைப் பொறியாளர்கள் சட்டமாக எழுதி வைத்தார்கள் என்று சொல்லலாம்.

கதை இதோடு முடிந்திருந்தால் நான் இந்தக் கட்டுரையை எழுதத் தேவையில்லை.

1977 மே 14ஆம் தேதி, ஆப்பிரிக்காவில் ஜாம்பியாவின் லுசாகாவில் தரையிறங்கவிருந்த சரக்கு விமானம், ஒரு போயிங் 707. வால் சிறகின் வலது பக்கம் அப்படியே பிய்ந்து விழுந்தது. விமானத்தில் இருந்த ஆறு பேரும் இறந்தார்கள். அந்த வால் ஃபெயில்-சேஃப் முறையில் வடிவமைக்கப்பட்டதுதான். முதல் தாங்கில் களைப்பு விரிசல் வந்தது. சொன்னபடியே பக்கத்துத் தாங்கு சுமையை ஏற்றுக்கொண்டது. ஆனால் முதல் தாங்கு போய்விட்டது என்பதை யாரும் பார்க்கவில்லை. அந்த இடத்தைப் பார்க்கும் பரிசோதனை முறை விரிசலைக் கண்டுபிடிக்கும் அளவுக்கு இருக்கவில்லை. விமானம் பறந்துகொண்டே இருந்தது. பிறகு இரண்டாவதும் போனது.

ஃபெயில்-சேஃப் என்பது கொஞ்சம் அவகாசம், அவ்வளவுதான். முதல் தாங்கு போனதற்கும் இரண்டாவது போவதற்கும் இடையில் யாராவது டார்ச் லைட்டோடு வந்து பார்க்க வேண்டும். வரவில்லை என்றால், இரண்டு தாங்குகள் இருந்தன என்பது விசாரணை அறிக்கையில் எழுதத்தான் உதவும். 1978இல் அமெரிக்க விதிமுறை மறுபடி மாறியது. விரிசல் எவ்வளவு வேகமாக வளரும், எப்போது கண்ணுக்குத் தெரியும், எத்தனை பறப்புக்கு ஒருமுறை பார்க்க வேண்டும் என்று கணக்குக் காட்டியாக வேண்டும். வெறுமனே ஃபெயில்-சேஃப் என்று சொன்னால் போதாது.

சொல் வெளியே வந்த கதை

பொறியாளர்களின் இந்தச் சொல்லைப் பொதுமக்களிடம் கொண்டு வந்தது அணுகுண்டு. 1950களின் இறுதியில் அமெரிக்க விமானப்படையின் குண்டுவீச்சு விமானங்கள், எச்சரிக்கை வந்ததும் சோவியத் யூனியன் நோக்கிக் கிளம்பி, வழியில் குறிப்பிட்ட ஓர் இடம்வரை போகும். அங்கே 'தாக்கு' என்ற தனிக் கட்டளை வந்தால் மட்டும் மேலே போகலாம். வராவிட்டால் திரும்பிவிட வேண்டும். இதற்கு 'ஃபெயில்-சேஃப்' நடைமுறை என்று பெயர் வைத்தார்கள். யோசித்துப் பாருங்கள், இது ராபின்சனின் ரிலேயேதான். வானொலி பழுதானாலும், கட்டளையிட ஆளில்லாமல் போனாலும், மௌனத்துக்கு ஒரே அர்த்தம்: வீட்டுக்குப் போ.

1958 ஏப்ரலில் இந்த விமானப் பறப்புகளைப் பற்றி சோவியத் யூனியன் ஐநா பாதுகாப்புச் சபையில் புகார் கொடுத்தது. செய்தித்தாள்களில் சொல் பரவியது. விமானப்படை பின்னர் பெயரை 'பாசிட்டிவ் கண்ட்ரோல்' என்று மாற்றிக்கொண்டது. ஆனால் 1962இல் யூஜின் பர்டிக், ஹார்வி வீலர் இருவரும் பழைய பெயரையே தலைப்பாக வைத்து ஒரு நாவல் எழுதினார்கள். கியூபா ஏவுகணை நெருக்கடி நடந்த அதே அக்டோபரில் அது பத்திரிகைத் தொடராக வந்தது. 1964இல் சிட்னி லூமெட் படமாக எடுத்தார். கதையில் ஒரு கருவிப் பழுது மௌனமாக இருப்பதற்குப் பதில் 'தாக்கு' என்று சொல்லிவிடுகிறது. மாஸ்கோ அழிகிறது. முழுப்போரைத் தடுக்க, அமெரிக்க அதிபர் தன் நாட்டு நியூயார்க்கையே அழிக்க உத்தரவிடுகிறார்.

நாவலின் வாதமே முழுமையான பாதுகாப்பு என்று ஒன்று இல்லை என்பதுதான். ஆனால் மக்கள் மனதில் தங்கியது வேறு: ஃபெயில்-சேஃப் என்றால் தவறவே கூடாத ஏற்பாடு. அங்கிருந்து கேக் செய்முறைவரை வர அதிகத் தூரம் இல்லை. அகராதிகளும் இன்று இரண்டு பொருளையும் கொடுக்கின்றன. மொழி மாறுவது இயல்பு. கேக்குக்கு எந்தப் பொருளில் பயன்படுத்தினாலும் எனக்குக் கவலையில்லை. ஆனால் ஒரே கூட்டத்தில் பொறியாளர் பழைய பொருளில் சொல்லி, பணம் ஒதுக்குபவர் புதிய பொருளில் கேட்டுக்கொண்டால்? 'தவறவே தவறாது என்றால் எதற்குப் பராமரிப்புச் செலவு?' என்று அவர் கேட்பது நியாயமான கேள்விதானே.

யாருக்குப் பாதுகாப்பு?

இந்தச் சொல்லுக்குள் இன்னொரு கேள்வியும் ஒளிந்திருக்கிறது. பாதுகாப்பான பக்கம் எது என்று யார் முடிவு செய்வது?

கதவுப் பூட்டை எடுத்துக்கொள்வோம். அலுவலகக் கண்ணாடிக் கதவில் அட்டையைக் காட்டினால் திறக்கும் காந்தப் பூட்டு இருக்கிறது. மின்சாரம் போனால் காந்தம் விடும், கதவு திறந்துகொள்ளும். தீப்பிடித்தால் ஆட்கள் வெளியேறலாம். இதைப் பூட்டு வியாபாரத்தில் ஃபெயில்-சேஃப் என்பார்கள். இன்னொரு வகை, மின்சாரம் போனால் பூட்டியபடியே இருக்கும், அது ஃபெயில்-செக்யூர். முதலாவது மனிதர்களுக்குப் பாதுகாப்பு. இரண்டாவது பொருள்களுக்கு. மின்சாரம் போகும் அந்த ஒரு நொடியில் யாரை முதலில் காப்பது என்பதைக் கட்டடம் கட்டும்போதே முடிவு செய்துவிடுகிறார்கள்.

1911 மார்ச் 25ஆம் தேதி நியூயார்க்கின் டிரையாங்கிள் ஆடைத் தொழிற்சாலையில் தீப்பிடித்தபோது 146 தொழிலாளர்கள் இறந்தார்கள், பெரும்பாலோர் இளம்பெண்கள். வெளியேறும் கதவு ஒன்று பூட்டியிருந்தது. துணி திருடு போகக்கூடாது என்பதற்காகத்தான் பூட்டு. அந்தக் கதவும் ஒருவகையில் பாதுகாப்பான பக்கம்தான் சாய்ந்திருந்தது, முதலாளியின் பக்கம்.

சில சமயம் நல்லெண்ணத்தோடு முடிவு செய்த பக்கமே தவறாகிவிடும். 2011 மார்ச் 11, ஃபுகுஷிமா. முதலாம் அணுவுலையில் பம்ப் இல்லாமலேயே நீராவியைக் குளிர்வித்து உலைக்குத் திருப்பும் ஓர் அமைப்பு இருந்தது. அதன் குழாய் உடைந்தால் கதிரியக்க ஆவி வெளியேறும் என்பதால், உடைப்பு என்று தெரிந்தால் வால்வுகள் தானே மூட வேண்டும். உடைப்பைக் கண்டறியும் சுற்றுக்கே மின்சாரம் போனால்? சந்தேகம் என்றால் மூடிவிடு. ராபின்சன் வழி. சுனாமி பேட்டரிகளை மூழ்கடித்தது. சுற்று தன் விதிப்படி வால்வுகளை மூடச் சொன்னது. குழாயில் உடைப்பே இல்லை. உலைக்கு அப்போது மிகவும் தேவைப்பட்ட குளிர்ச்சி அடைபட்டுப்போனது. நெருக்கடியைக் கவனித்துக்கொண்டிருந்தவர்களோ அமைப்பு வேலை செய்கிறது என்று நம்பிக்கொண்டிருந்தார்கள். கசிவு என்ற ஆபத்துக்கு எதிராகச் சரியான பக்கம். சூடேறுதல் என்ற ஆபத்துக்கு எதிராகத் தவறான பக்கம்.

நம் ஊர்ச் சாலையிலும் இதைப் பார்க்கலாம். லோரி, விரைவுப் பேருந்து நிற்கும்போது 'ஸ்ஸ்ஸ்' என்று ஒரு சத்தம் கேட்கும். காற்றை வெளியேற்றினால் உள்ளே இருக்கும் வலுவான ஸ்பிரிங் விரிந்து பின் சக்கரங்களைப் பிடித்துக்கொள்கிறது. காற்றுக்குழாய் அறுந்தாலும் இதேதான் நடக்கும். அதனால் அது ஃபெயில்-சேஃப். ஆனால் மலைச் சரிவில் விடாமல் பிரேக்கை மிதித்துக்கொண்டே இறங்கினால் பிரேக் சூடேறிப் பிடிமானத்தை இழக்கும். அந்தப் பழுதுக்கு ஸ்பிரிங் பதில் சொல்லாது. ஸ்பிரிங் அழுத்துவதும் அதே சூடேறிய பிரேக்கைத்தான். எந்தப் பழுதுக்கு எதிராக என்று கேட்காமல் ஃபெயில்-சேஃப் என்பதில் அர்த்தமே இல்லை.

2017 நவம்பர் 15ஆம் தேதி காலை, சிங்கப்பூரின் ஜூ கூன் நிலையத்தில் ஒரு எம்ஆர்டி ரயில் நின்றுகொண்டிருந்தது. பின்னால் வந்த ரயில் முறையாக இடைவெளி விட்டு நின்றது. ஒரு நிமிடம் கழித்து அது நகர்ந்து முன்னால் நின்ற ரயிலில் இடித்தது. முப்பதுக்கும் மேற்பட்டோர் காயமடைந்தார்கள். நல்லவேளையாக உயிரிழப்பு இல்லை. அந்தக் காலகட்டத்தில் பழைய சைகை அமைப்பிலிருந்து புதியதற்கு மாறிக்கொண்டிருந்தார்கள். இரண்டும் ஒத்துப்போகாத இடங்களுக்காக, ரயிலைச் சுற்றி மென்பொருளில் ஒரு கூடுதல் பாதுகாப்பு வளையம் போட்டிருந்தார்கள். முன்னால் நின்ற ரயில் வழியில் பழுதான ஒரு சைகைச் சுற்றைக் கடந்தபோது அந்த வளையம் தவறுதலாக நீக்கப்பட்டுவிட்டது.

1872இன் ரிலே, பழுதானால் சிவப்பு காட்டும். 2017இன் பழுது, இருந்த பாதுகாப்பையே அழித்தது. பழையது நல்லது, புதியது கெட்டது என்று இதற்கு அர்த்தம் இல்லை. அந்த ரிலேயால் இன்றைய நெரிசலுக்கு ரயில் ஓட்ட முடியாது. நான் சொல்வது, இடைக்கால ஏற்பாடுகளிடமும் அதே பழைய கேள்வியைக் கேட்டாக வேண்டும் என்பதுதான்: நீ பழுதானால் எந்தப் பக்கம் விழுவாய்? இரும்பு தன் எடையாலேயே கீழே விழும், யாரும் சொல்லித்தர வேண்டாம். மென்பொருளுக்குக் கீழ் என்று ஒரு திசை கிடையாது. நாம்தான் எழுதித்தர வேண்டும்.

இந்தக் கேள்வியை ஒவ்வொருவரும் வீட்டிலேயே கேட்டுப் பார்க்கலாம். மின்சாரப் பெட்டியில் 'டி' என்று எழுதிய ஒரு சின்னப் பொத்தான் இருக்கும். மின்கசிவு ஏற்பட்டால் இணைப்பைத் துண்டிக்கும் கருவியின் சோதனைப் பொத்தான் அது. இடி மழைக்கு 'டிரிப் ஆயிடுச்சி' என்று எல்லோரும் திட்டுவது பல நேரம் அந்தக் கருவியைத்தான். அது துண்டிக்கும்போது நமக்குத் தெரிந்துவிடும். துண்டிக்க முடியாமல் உள்ளே இறுகிப்போயிருந்தால் தெரியவே தெரியாது. விளக்கு எரியும், குளிர்சாதனம் ஓடும், எல்லாம் சரியாக இருப்பதுபோலவே இருக்கும். லுசாகாவின் வால் சிறகு பறந்துகொண்டிருந்ததுபோல. அதற்காகத்தான் அந்தப் பொத்தானை வைத்திருக்கிறார்கள். சில மாதங்களுக்கு ஒருமுறை அழுத்திப் பார்க்க வேண்டும். அழுத்தினால் வீடு ஒரு நிமிடம் இருட்டாகும், வைஃபை போகும், யாராவது சத்தம் போடுவார்கள். பரவாயில்லை. இருட்டாகவில்லை என்றால் உடனே எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள்.